முட்டையின் வயது

மகப்பேறு வாய்க்காத பெண்ணை மலடி என்று பழித்த உலகம், கருவின் மூலத்தை அறிந்ததோ மிகப் பிந்தியே. 1672 இல் ஒல்லாந்து வைத்தியர் டி கிராவ் சூலகத்து நுண்பைகளை விவரித்து, அவற்றையே முட்டைகள் எனக் கருதினார். 1827 இல் வொன் பேயர், நாயின் சூலகத்து நுண்பையினுள்ளே உண்மை முட்டையைக் கண்டார். பிறப்பை ஒட்டியே முட்டையாக்கம் ஓய்ந்துவிடுகிறது என 1870 இல் வால்டயர் கூறினார். 1951 இல் சக்கர்மன் சான்றுகளை ஆராய்ந்து அதனை வலியுறுத்தினார்.

ஆகவே, முட்டையும் பெண்ணோடு மூப்படைகிறது. அவள் கருவிலிருக்கையில் தொடங்கிய முதிர்ச்சிப் பிரிவு இடைநின்று, பல்லாண்டுகளின் பின் முட்டை வெளிப்படுங் காலத்திலேயே தொடர்கிறது. காத்திருப்பு நீள நீள நிறமூர்த்தங்களின் பிணைப்புத் தளர்கிறது, பிரிவு பிழைபடுகிறது. முட்டைகளின் தொகையும் குன்றுவதால், 35 வயதுக்குப் பின் கருவளம் விரைந்து குறைகிறது. இயற்கையின் இக்கணக்குக்குப் பெண்ணைப் பழித்தல் அறமன்று.