பிந்தி வந்த ஆணை

தாம்பரத்திலிருந்து சென்னைக்கு இரயிலில் செல்லும் மாணவர்கள் பரங்கிமலையை நாள்தோறும் காண்கின்றனர். 1776-இல் சென்னைக் கவர்னர் ஒருவரே அங்குச் சிறை வைக்கப்பட்டார். அவர் பிகட் பிரபு.

தஞ்சையை மன்னர் துளஜாவிடம் திருப்பியளிக்குமாறு லண்டனிலிருந்து கம்பெனி இயக்குநர்கள் எழுதிய கட்டளையை அவர் நிறைவேற்றினார். தஞ்சை வருவாயை நம்பி ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த பென்ஃபீல்டு முதலிய வெள்ளையருக்கு அது பொறுக்கவில்லை. தஞ்சைக் குடிகளின் கருத்தை, வழக்கம்போல், எவரும் வினவவில்லை. ஆலோசனைச் சபையின் பெரும்பான்மையோர் ஆகஸ்டு 24-இல் கவர்னரைக் கைது செய்வித்தனர்.

நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பல் லண்டன் சேர ஏறத்தாழ ஆறு மாதமாகும். மறுமொழி வர மேலும் அவ்வளவு. அதுவரை ஆட்சி யாரிடம்? கைது செய்தவர்களிடமே! பிகட்டை மீண்டும் பதவியில் அமர்த்தவும், உடனே தாயகத்துக்குத் திருப்பியழைக்கவும் லண்டனில் ஒருங்கே முடிவாயிற்று. விந்தையான தீர்ப்புத்தான். அது சென்னையை எட்டுமுன், 1777 மே 11-இல், அவர் காவலிலேயே இறந்துவிட்டார்.