இல்லாத சுவரைச் சுற்றி ஒரு ரயில்

பெய்ஜிங்குக்கு டூர் அழைத்துப் போகிற கம்பெனிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே லிஸ்ட்டைத்தான் வைத்திருக்கின்றன. தியானென்மென் சதுக்கம், அதற்கு வடக்கே பேரரசர்களின் அரண்மனை, சொர்க்கக் கோயில், கோடை மாளிகை. ஒரு நாள் பஸ்ஸில் ஊருக்கு வெளியே போய் சீனப் பெருஞ்சுவர். நடுவில் ஒரு வேளை வாத்துக்கறி. முடிந்தது. போட்டோக்களோடு ஊர் திரும்பலாம்.

இந்த லிஸ்ட்டில் இல்லாத ஒரு சமாச்சாரம் உண்டு. மெட்ரோவின் இரண்டாம் நம்பர் பாதை. 23 கிலோமீட்டர் நீளம், 18 ஸ்டேஷன்கள், வட்டப் பாதை. ஏறி உட்கார்ந்தால் சுமார் முக்கால் மணி நேரத்தில் ஏறின இடத்துக்கே வந்து சேரலாம். முழுக்க முழுக்கத் தரைக்கு அடியில் ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே இருட்டு. பார்க்க ஒன்றுமே இல்லை. பிறகு எதற்காக அதில் ஏற வேண்டும்?

ஸ்டேஷன் பெயர்களுக்காக. ஷீஜிமென், அன்டிங்மென், டோங்ஜிமென், சாவ்யாங்மென், சோங்வென்மென்... இப்படி 18-ல் 11 பெயர்கள் 'மென்' என்று முடிகின்றன. சீன மொழியில் மென் என்றால் வாசல். ஆகமொத்தம் பதினோரு வாசல்கள். ஆனால் படியேறி மேலே வந்தால் வாசலைக் காணோம். மேம்பாலம் இருக்கிறது, ஆபீஸ் கட்டடங்கள் இருக்கின்றன, எட்டுத் திசையிலும் கார் பறக்கிறது. சியென்மென் என்ற ஒரே ஒரு ஸ்டேஷனில்தான் நிஜமாகவே ஒரு வாசல் நிற்கிறது.

வாசல் என்று இருந்தால் சுவர் இருந்திருக்க வேண்டுமே? இருந்தது. மலைமேல் ஓடுகிற பெருஞ்சுவரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஊரைச் சுற்றி எழுப்பிய கோட்டைச் சுவர். மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லே 1406-ல் அரண்மனை வேலையைத் தொடங்கி, 1420-ல் முடித்து, 1421-ல் பெய்ஜிங்கைத் தலைநகராக்கினார். அந்த நகரத்தைச் சுற்றி 24 கிலோமீட்டர் சுவர், 9 வாசல்கள். பிறகு 1553-ல் வெளியே இன்னொரு வளையம் போட ஆரம்பித்தார்கள். நாலா பக்கமும் சுற்றிவரத்தான் திட்டம். பட்ஜெட் இடித்தது. தெற்குப் பக்கத்தை மட்டும் கட்டி முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டார்கள். அதில் 7 வாசல்கள். உள்ளும் வெளியும் சேர்த்தால் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர் சுவர்.

ஒன்பது வாசல்களுக்கும் ஒவ்வொரு உத்தியோகம் இருந்தது என்பார்கள் பெய்ஜிங்காரர்கள். சாவ்யாங்மென் வழியாகத் தானியம் வரும். ஃபூசெங்மென் வழியாக நிலக்கரி வரும். ஷீஜிமென் வழியாக அரண்மனைக்கு ஊற்றுத் தண்ணீர். டெஷெங்மென் வழியாகப் படை போருக்குப் புறப்படும். ஷுவான்வுமென் வழியாக மரண தண்டனைக் கைதிகளைக் கொண்டுபோவார்கள். ஃபூசெங்மென்னில் ஒரு குறும்பு உண்டு. அங்கே கல்லில் ஒரு பூ செதுக்கியிருந்தார்கள். சீனத்தில் அந்தப் பூவுக்கும் 'மெய்', நிலக்கரிக்கும் 'மெய்'. உச்சரிப்பில் துளி வித்தியாசம் கிடையாது. கரி வண்டிக்காரன் நுழைகிற வாசலுக்குப் பூவால் போர்டு வைத்திருக்கிறார்கள்!

இந்தச் சுவருக்குள் நம்மவர்கள் நுழைந்த கதையும் உண்டு. 1900-ல் பாக்ஸர் கலகத்தின்போது வெளிநாட்டுத் தூதரகங்கள் முற்றுகையில் மாட்டிக்கொள்ள, எட்டு நாட்டுப் படைகள் மீட்கப் போயின. ஆகஸ்ட் 14-ம் தேதி எல்லோரும் ஆளுக்கொரு வாசலில் முட்டிக்கொண்டிருக்க, சுவருக்கு அடியில் இருந்த கழிவுநீர் மதகு வழியாகச் சேற்றில் ஊர்ந்து முதலில் தூதரகப் பகுதியை எட்டியது பிரிட்டிஷ் படை. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்.

சரி, அந்தச் சுவர் எங்கே போனது? அதைச் சொல்ல ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லியாங் சிசெங். 1901-ல் பிறந்தவர். அப்பா லியாங் சிசாவ், சீனாவின் பிரபலமான சீர்திருத்தவாதி. மகன் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தார். மனைவி லின் ஹுய்யினும் அதே படிப்புக்குத்தான் ஆசைப்பட்டார். பெண்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். நுண்கலை வகுப்பில் சேர்ந்து, கட்டடக்கலைப் பாடங்களையும் சேர்த்தே படித்தார். (அந்தப் பட்டத்தை 2024-ல்தான் கொடுத்தார்கள். அவர் இறந்து 69 வருடம் கழித்து!) 1924-ல் தாகூர் பெய்ஜிங் வந்தபோது கூடவே இருந்து மொழிபெயர்த்த இளம்பெண் இதே லின்தான்.

இருவரும் கழுதை மேலும் கால்நடையாகவும் சீனக் கிராமங்களில் அலைந்து, பழைய கோயில்களை அளந்து வரைந்தார்கள். 1937-ல் வூதாய் மலையில் அவர்கள் கண்டுபிடித்த மரக்கோயில் கி.பி. 857-ல் கட்டியது. அதன் உத்தரத்தில் மங்கிப்போயிருந்த எழுத்தை முதலில் கவனித்தவர் லின்.

1948 கடைசியில் கம்யூனிஸ்ட் படை பெய்ஜிங்கைச் சூழ்ந்து நின்றது. சண்டை வந்தால் எந்தெந்தக் கட்டடத்தின் மேல் குண்டு விழக் கூடாது என்று ஒரு மேப்பில் குறித்துக் கொடுக்கும்படி லியாங்கிடமே வந்து கேட்டார்கள் படை அதிகாரிகள். லியாங் நெகிழ்ந்துபோனார். 1949 ஜனவரியில் நகரம் சண்டையில்லாமல் கைமாறியது.  இனிமேல் பயமில்லை என்றுதான் யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள்.

1950 பிப்ரவரியில் லியாங்கும், சென் சான்சியாங் என்ற நகரமைப்பு நிபுணரும் ஒரு திட்டம் கொடுத்தார்கள். புது அரசாங்கத்தின் ஆபீஸ்களை நகரத்துக்கு வெளியே, மேற்கில் கட்டிக்கொள்ளுங்கள்; பழைய ஊரை அப்படியே விட்டுவிடுங்கள். சோவியத்திலிருந்து வந்த நிபுணர்களுக்கு இது பிடிக்கவில்லை. தியானென்மென்தான் மையம் என்றார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். போரில் நொடித்துப்போன நாடு. புது ஊர் கட்டக் காசு ஏது? தியானென்மென் வாசல் மேல் நின்று மேயர் பெங் சென் தன்னிடம் சொன்னதைப் பிற்பாடு லியாங் பதிவு செய்திருக்கிறார். இங்கிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டியவரை புகைபோக்கிகள் தெரிய வேண்டும், அதுதான் தலைவர் மாவோவின் விருப்பம் என்றாராம்.

அடுத்து சுவர். போக்குவரத்துக்கு இடைஞ்சல், இடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. இடைஞ்சல் என்றால் புதிதாக வழி வெட்டிக்கொள்ளுங்கள் என்றார் லியாங். அது ஒன்றும் புதுசு இல்லை. ஹெபிங்மென் 1926-ல் வெட்டிய வழி. ஜியாங்குவோமென், ஃபூஷிங்மென் இரண்டும் ஜப்பான் ஆக்கிரமிப்புக் காலத்தில் சுவரில் போட்ட ஓட்டைகள். சுவரின் உச்சி பத்து மீட்டருக்கு மேல் அகலம். அதில் பூச்செடி வைக்கலாம், பெஞ்ச் போடலாம், காவல் கோபுரங்களை நூலகமாகவும் டீக்கடையாகவும் ஆக்கலாம். உழைக்கும் மக்கள் சாயங்காலம் காற்று வாங்க, 40 கிலோமீட்டருக்கு வானத்தில் ஒரு பூங்கா. படமே வரைந்து காட்டினார்.

அழகு, சரித்திரம் என்று பேசினால் எடுபடாது என்று தெரிந்து ஒரு கணக்கும் போட்டார். காமர்ஸ் படித்த எனக்கு இந்த இடத்தில்தான் அவரை ரொம்பப் பிடித்துப்போனது. சுவரை இடித்தால் 1 கோடியே 10 லட்சம் டன் மண்ணும் செங்கல்லும் மிஞ்சும். 18 டன் பிடிக்கிற பெட்டிகள் இருபதைக் கோத்து, தினம் ஒரு ரயில் விட்டால், அத்தனையையும் வெளியேற்ற 83 வருஷம் ஆகும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். சரியாகத்தான் வருகிறது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிற்று. ரயிலே தேவைப்படவில்லை. இடிப்பது என்று முடிவானதும், வேண்டியவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போங்கள் என்று விட்டுவிட்டார்கள். தொழிற்சாலைகள் அள்ளின. ஜனங்கள் கைவண்டியில் அள்ளினார்கள். சமையல்கட்டு, கோழிக்கூடு, விறகுக் கொட்டகை என்று மிங் காலத்துச் செங்கல் ஊருக்குள்ளேயே பரவிவிட்டது. பின்னால் போர் பயம் வந்தபோது பதுங்கு குழிகளுக்கும் போனது. 1950-களில் வெளிச்சுவர் போனது. 1957-ல் தெற்கு எல்லையில் இருந்த யோங்டிங்மென் போனது. ஒரு வாசல் கோபுரத்தை இடிப்பது தன் சதையை அறுப்பது மாதிரி, செங்கல்லை உரிப்பது தோலை உரிப்பது மாதிரி என்று புலம்பினார் லியாங். 1955-லேயே அவரைப் பிற்போக்கு ஆசாமி என்று முத்திரை குத்தி விமர்சிக்க ஆரம்பித்திருந்தார்கள். அதே வருஷம் லின் காசநோயில் இறந்துபோனார்.

மிச்சமிருந்த உள்சுவருக்கு எமனாக வந்தது மெட்ரோ. 1965 ஜூலையில் வேலை ஆரம்பம். சுவர் இருக்கும் தடத்திலேயே தோண்டினால் வீடுகளை இடிக்க வேண்டாம், தெருக்களையும் மூட வேண்டாம். எஞ்சினீயருக்கு இதைவிட சௌகரியம் வேறென்ன? வட்டப் பாதை சுவரின் அஸ்திவாரத்தில் போனது. மேலே இரண்டாம் ரிங் ரோடு வந்தது.

1969-ல் ஷீஜிமென்னை இடித்தபோது நடந்ததுதான் உச்சம். வெளி அரணை உடைத்துக்கொண்டு போனால், உள்ளே இன்னொரு வாசல்! மங்கோலிய யுவான் வம்சம் 1358-ல் கட்டியது. எதிரி கதவுக்குத் தீ வைத்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்றி அணைக்கிற ஏற்பாடுகூட அதில் அப்படியே இருந்தது. மிங் ஆட்கள் அதை இடிக்காமல், மேலே கட்டி மூடிவிட்டிருக்கிறார்கள். அறுநூறு வருஷம் பத்திரமாக இருந்த வாசல். போட்டோ எடுத்தார்கள், அளந்து குறித்துக்கொண்டார்கள், அதையும் இடித்தார்கள். கலாசாரப் புரட்சி உச்சத்தில் இருந்த நேரம். யார் போய் வாய் திறப்பது? லியாங் படுத்த படுக்கையாக இருந்தார். 1972 ஜனவரியில் போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் காற்று மாறியது. 1996-ல் நகர நிர்வாகம் ஜனங்களிடம், வீட்டில் பழைய கோட்டைச் செங்கல் இருந்தால் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டது. கொடுத்தார்கள். 2004-ல் யோங்டிங்மென்னைப் புதிதாகக் கட்டி நிறுத்தினார்கள். 2019-ல் பெய்ஜிங் நகர அரசு தன் ஆபீஸ்களைப் பழைய ஊரிலிருந்து பெயர்த்துக் கிழக்கே டோங்ஜோவுக்குக் கொண்டுபோனது. லியாங் சொன்னது மேற்கே, அவ்வளவுதான் வித்தியாசம். 2024 ஜூலையில் யுனெஸ்கோ டெல்லியில் கூடி, யோங்டிங்மென்னில் தொடங்கி வடக்கே மணிக் கோபுரம் வரை போகும் 7.8 கிலோமீட்டர் மைய அச்சை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அறிவிப்பு வந்தபோது அந்தத் தெற்கு வாசலுக்கு வயது இருபது. இடையில் 2012-ல் இன்னொரு வேலையும் நடந்தது. லியாங்கும் லின்னும் 1930-களில் குடியிருந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். பராமரிப்புக்காக இடித்தோம் என்று ஒரு விளக்கம் வேறு.

பெய்ஜிங் போகிறவர்கள் தியானென்மென் சதுக்கத்தில் நிற்கும் தியாகிகள் நினைவுத்தூணின் அடிப்பீடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். அந்த மலர்வளையச் செதுக்கல்கள் லின் போட்டுக் கொடுத்த டிசைன். தூணின் வடிவமைப்பில் லியாங்கின் பங்கு உண்டு. பிறகு மெட்ரோவில் சோங்வென்மென்னில் இறங்கிக் கிழக்கே நடங்கள். சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சுவர் மிச்சமிருக்கிறது. 2002-லிருந்து அது பூங்கா. ஜனங்கள் திருப்பிக் கொடுத்த செங்கற்களை வைத்துத்தான் பொக்கைகளை அடைத்திருக்கிறார்கள். கோடியில் தென்கிழக்கு மூலைக் கோபுரம், 144 அம்பு ஜன்னல்களோடு. 1900-ல் வந்த வெளிநாட்டுச் சிப்பாய்கள் செங்கல்லில் கிறுக்கிவிட்டுப் போன பெயர்கள் இன்னும் அழியவில்லை. அங்கே நின்றால் பெய்ஜிங் ஸ்டேஷனுக்குப் போகிற ரயில்கள் பக்கத்திலேயே போவது தெரியும்.