டானிக் நீரின் பிறப்புக் கதை

ஜின்னுடன் டானிக் நீரைக் கலந்து அருந்தும் வழக்கத்திற்கு எங்கும் ஒரே தோற்றக் கதைதான் சொல்லப்படுகிறது. மலேரியாவுக்கு அஞ்சிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் நாள்தோறும் கொயினா உட்கொண்டனர்; அதன் கசப்பைத் தாங்காமல் சர்க்கரை, சோடா, எலுமிச்சை, ஜின் ஆகியவற்றைச் சேர்த்தனர்; மருந்து மதுவாயிற்று என்பது அக்கதை. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது நிலைக்கவில்லை.

சின்கோனாப் பட்டையிலிருந்து கொயினா 1820இல் பாரிசில் பிரித்தெடுக்கப்பட்டது. கொயினா கலந்த காற்றேற்றிய நீருக்கு இலண்டனில் எராஸ்மஸ் பாண்ட் காப்புரிமை பெற்றது 1858 மே மாதத்தில். அதே ஆண்டு ஆகஸ்டில் கம்பெனியின் ஆட்சியுரிமையே பறிக்கப்பட்டு அரசியிடம் சென்றது. ஆக, கம்பெனி அதிகாரி டானிக் நீரைக் கண்டிருக்க வேண்டுமானால் அதற்கு அவனுக்கு வாய்த்த காலம் சில மாதங்களே. அப்புட்டியும் காய்ச்சல் மருந்தாக விற்கப்படவில்லை. செரிமானத்திற்கும் உடல் தெம்பிற்கும் உரிய பானமாகவே விளம்பரமாயிற்று.

மருந்தை மதுவில் கரைத்துக் குடித்தது உண்மை. ஆப்பிரிக்கக் கரையோரத்தில் பிரித்தானியக் கடற்படையினர் திராட்சை மதுவில் கொயினா கலந்து அருந்தினர். அது மருந்துண்ணும் முறை. மதுவுக்குத் துணைநீர் தேடும் பழக்கம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதே கதையின் பிழை. ஜின்னும் டானிக்கும் இணைந்து வரும் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று 1868ஆம் ஆண்டின் 'ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மேகசின்' இதழில் உள்ளது. அக்காட்சி நிகழ்வது சியால்கோட்டின் குதிரைப் பந்தயத் திடலில். நோயாளி எவரும் அங்கில்லை. ஆட்டம் முடிந்து களைத்தவர்களே குரல் கொடுத்துக் கேட்கின்றனர். அக்காலத்து வெள்ளையர் குடியில் முதலிடம் பிராந்தி–சோடாவுக்கே என்பதையும் மறக்கலாகாது.

அளவுக் கணக்கும் கதைக்கு உதவவில்லை. இன்றைய அமெரிக்க விதிப்படி ஒரு லிட்டர் டானிக் நீரில் 83 மில்லிகிராமுக்கு மேல் கொயினா இருத்தலாகாது. மலேரியா கண்ட 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,800 மில்லிகிராம் தேவை. அதை டானிக் நீராகவே பெற ஏறத்தாழ 22 லிட்டர் குடிக்க வேண்டும்.

பட்டையின் மெய்யான வரலாறு மலைச்சரிவுகளில் இருக்கிறது. 1860இல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவில் தாமே திரட்டிய கன்றுகள் மடிந்தன. எக்குவடோரிலிருந்து ரிச்சர்ட் ஸ்புரூஸ் அனுப்பிய செம்பட்டை வகையே நீலகிரியில் வேரூன்றியது. உதகைத் தோட்டத்தின் மெக்கைவர் பெயர் எல்லா நூல்களிலும் உண்டு. நடுவட்டம் தோட்டங்களில் உழைத்த சீனக் கைதிகளின் பெயர்களை அவ்வாறு காண்பதரிது. அவர்களுள் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர். எட்கர் தர்ஸ்டன் அக்குடும்பங்களைப் பதிவு செய்தது மண்டையோட்டு அளவுகளுக்காக. பொலிவியாவில் உயர்தர விதைகளைச் சேகரித்துச் சார்லஸ் லெட்ஜரிடம் கொடுத்த மானுவல் இன்க்ரா மமானி அதற்காகவே சிறைப்பட்டு, அடியுண்ட காயங்களால் இறந்தார். அவ்விதைகளை 1865இல் வாங்கிய டச்சு அரசு, ஜாவாவை உலகக் கொயினாச் சந்தையின் தலைமையிடமாக்கியது.

நீலகிரிச் செம்பட்டையில் கொயினா குறைவு; பிற காரப்பொருள்கள் மிகுதி. அவையும் காய்ச்சலைத் தணிக்குமா எனச் சோதிக்க 1866இல் சென்னை மாகாணத்தில் ஆணையம் அமைந்தது. ஏறக்குறைய கொயினாவுக்கு ஒப்பாகவே அவை பயன்படும் எனக் கண்டது. இதன் வழியே டார்ஜிலிங் மலையின் மங்பூ ஆலை, காரப்பொருள்கள் பலவும் கலந்த மலிவான காய்ச்சல் மருந்தைச் செய்து மருந்தகங்களுக்கு அனுப்பியது. தூய கொயினா வங்காளத்துச் சிற்றூர்களை எட்டியது 1892 முதல், அஞ்சல் நிலையங்கள் வழியாக. ஒரு பைசாவுக்கு ஒரு தாள் பொட்டலம்; உள்ளே வெண்தூள். அதன் கசப்பைத் தணிக்க அப்பொட்டலத்தில் வேறெதுவும் வைக்கப்படவில்லை.