காரியாபட்டி வட்டார அங்கன்வாடிகள்: முன்பருவக் கல்வியும் சேர்க்கையும்

விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டி வட்டாரம் மானாவாரி வேளாண்மையை நம்பியுள்ள வறண்ட பகுதியாகும். பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குச் செல்லும் வீடுகளில், சிறு குழந்தை பாட்டியிடமோ மூத்த பிள்ளையிடமோ விடப்படுவதுண்டு. அக்குழந்தைக்கு உணவும் கல்வியும் கண்காணிப்பும் கட்டணமின்றிக் கிடைக்கும் இடம், ஊர்வழக்கில் பால்வாடி எனப்படும் அங்கன்வாடி மையமாகும்.

மையத்தில் கிடைப்பவை

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 முதல் சத்துணவும் வழங்கப்பட்டு வருகிறது. இரண்டு வயது நிறைந்த குழந்தைகளுக்கு மதிய உணவுடன் வாரம் மூன்று முட்டைகள் வழங்கப்படுகின்றன. பாட்டு, கதை, விளையாட்டு வழியாக முன்பருவக் கல்வி அளிக்கப்படுகிறது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 மையங்களில் 2019 முதல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. தங்கள் ஊருக்கு அருகில் இவ்வகுப்பு உள்ளதா என மையப் பணியாளரிடம் கேட்டறியலாம்.

ஐந்து வயது வரை காத்திருக்கலாமா?

காத்திருத்தல் கூடாது. குழந்தையின் எடைக் குறைவு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. மையத்தில் மாதந்தோறும் எடை பார்த்துப் பதிவு செய்யும்போதுதான், எடை ஏறாமல் நிற்பது தெரியவரும். உரிய காலத்தில் கண்டறிந்தால் கூடுதல் உணவாலும் மருத்துவத்தாலும் சரிசெய்யலாம். முதல் வகுப்பில் சேரும் நாளில் எடை பார்ப்பது, இழந்த ஆண்டுகளை மீட்டுத் தராது.

சேர்க்கும் முறை

• குழந்தையுடன் அருகிலுள்ள மையத்திற்குச் சென்று பெயரைப் பதிவு செய்யுங்கள். ஆண்டின் எந்த மாதத்திலும் சேர்க்கலாம்.
• பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, தாயின் ஆதார் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். குழந்தைக்கு ஆதார் இல்லாவிடினும் தாயின் ஆதாரைக் கொண்டு பதிவு செய்யலாம்.
• வேலைக்காக வெளியூர் செல்ல நேர்ந்தால், அங்குள்ள மையத்தில் குழந்தையைப் பதிவு செய்யுங்கள்.

சேர்க்கை மறுக்கப்பட்டால்

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013-இன்படி, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி உணவு சட்ட உரிமையாகும். எனவே சேர்க்கை மறுக்கப்பட்டால் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரை அணுகுங்கள். தீர்வு கிடைக்காவிடில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு அளிக்கலாம்.