லெ ஹாவ்ர் துறைமுகத்து நிலக்கரித் தொழிலாளரும் துரான் வழக்கும்

1910-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சு தேசத்தையே கலங்கவைத்த ழூல் துரான் வழக்கைப் பற்றி எழுதியவர்களிற் பெரும்பாலோர், அதனை ராணுவ அதிகாரி ட்ரெஃபூஸின் வழக்கோடு ஒப்பிட்டு, துரானை 'ஏழைகளின் ட்ரெஃபூஸ்' என்னும் பெயரால் குறித்துவந்திருக்கின்றனர். பொதுஜன அனுதாபத்தைத் திரட்டுவதற்கு அந்த ஒப்புமை அக்காலத்திற் பேருதவி புரிந்தது. ஆயினும் வரலாற்றை விளக்கும் கருவியாக அதனைக் கொள்ளுங்கால், வழக்கின் உயிர்நிலையே மறைந்துபோகிறது என்பது என் கருத்து. ட்ரெஃபூஸ் விஷயத்தில் ஒரு தனிமனிதன்மீது, அவன் எழுதாத ஒரு கடிதத்தைக் கொண்டு, அவன் செய்யாத ராஜத்துரோகம் சுமத்தப்பட்டது. துரான் விஷயத்திலோ, பெயரளவில் ஒரு மனிதன் கூண்டில் நிறுத்தப்பட்டானேயன்றி, உண்மையில் விசாரணைக்கு உள்ளானது தொழிலாளர் கூடிப் பேசித் தீர்மானம் செய்யும் உரிமையேயாகும்.

செய்ன் நதி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த லெ ஹாவ்ர், அத்லாந்திக் மாகடலைக் கடந்து செல்லும் பெருங்கப்பல்களின் துறைமுகம். அக்கப்பல்களின் கொதிகலன்களுக்கு வேண்டிய நிலக்கரியைச் சுமந்தேற்றிய தொழிலாளருக்கு நிரந்தர வேலை கிடையாது. கப்பல் வந்த நாளில் கூலி, வாராத நாளில் பட்டினி. கரித்தூசியை விழுங்கிய தொண்டைக்கு மதுவே மருந்து என்ற நம்பிக்கையும் அவர்களிடையே வேரூன்றியிருந்தது. 1880-இல் பிறந்து அதே தொழிலைச் செய்துவந்த துரானோ மதுவைத் தொடாதவர். மதுவிலக்குச் சங்கத்திலும் மனித உரிமைக் கழகத்திலும் உறுப்பினர். நிலக்கரித் தொழிலாளர் சங்கக் காரியதரிசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டபின் தம் தோழர்களைக் குடியினின்றும் மீட்பதையும் சங்கப் பணியாகவே அவர் கருதினார். குடிவெறியில் நிகழ்ந்த ஒரு கொலைக்கு இத்தகைய மனிதரைச் சூத்திரதாரியாக்கியது விதியின் விபரீதம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் இதில் விதிக்கு அதிக வேலை இருக்கவில்லை.

1910 ஆகஸ்டு மாதத்தில் அச்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கூலி உயர்வு ஒரு கோரிக்கை. பல ஆட்களின் வேலையைத் தானே செய்துவிடக்கூடிய கரியேற்றும் இயந்திரம் துறைமுகத்திற் புகுந்ததனால் விளைந்த அச்சம் அதனினும் ஆழமான காரணம். அத்லாந்திக் கப்பற் கம்பெனி பணிந்துபோகாமல், சங்கத்துக்குப் புறம்பான ஆட்களைக் கொண்டு வேலையை நடத்திற்று. அவ்வாறு வேலை செய்தவர்களில் ஒருவனான லூயி தோன்ழே செப்டம்பர் 9-ஆம் நாள் இரவு, குடிபோதையில் இருந்த சில தொழிலாளரோடு, தானும் போதையிலிருந்த நிலையில், துறையோரத்திற் கைகலந்து, பட்ட அடிகளால் மாண்டான். துரான் அவ்விடத்தில் இல்லை. எனினும் இரண்டு நாட்களுக்குள் அவர் கைதானார். சங்கக் கூட்டமொன்றில் தோன்ழேயைக் கொல்லவேண்டுமென்று அவர் பிரேரேபித்ததாகவும், அதற்குக் கூட்டத்தார் வாக்களித்ததாகவும், கம்பெனியிடம் வேலை பார்த்த சிலர் சாட்சி கூறினர்.

இந்தச் சாட்சியத்தின் தன்மையை நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். நூற்றுக்கணக்கானோர் கூடிய பகிரங்கக் கூட்டத்தில் ஒருவனுடைய மரணம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது என்பது, சாதாரணக் காலத்தில் எவரும் நகைத்து ஒதுக்கக்கூடிய கதை. சங்கக் கூட்டங்களில் நடப்பதையெல்லாம் அறிந்துகொள்ளும் வழிகளை உடைய உள்ளூர்ப் போலீஸ் அதிகாரியே, அப்படி ஒரு வாக்கெடுப்பு நடந்திருந்தால் தமக்குத் தெரிந்திருக்கும் என்று சொன்னார். அரசாங்கத்தின் காதே கேளாத பேச்சை, வழக்கை விசாரித்த ரூவான் நகரத்து ஜூரிகள் நம்பினார்கள். ஏன் நம்பினார்கள் என்பதற்குப் பொய்ச்சாட்சி மட்டும் விடையாகாது. தொழிற்சங்கம் என்றாலே இரகசியமாக மரண தண்டனை விதிக்கும் ஒரு கூட்டம் என்ற எண்ணம் சொத்துடைய வர்க்கத்தின் மனத்தில் முன்னமே குடிகொண்டிருந்தமையே விடை. 1864-இல் வேலைநிறுத்தமும் 1884-இல் தொழிற்சங்கமும் சட்டத்தின் அங்கீகாரம் பெற்றிருந்தன. மனத்தின் அங்கீகாரம் அதுவரையிற் கிட்டவில்லை. நவம்பர் 25-ஆம் நாள், அடித்தவர்களுக்குக் கடின உழைப்புத் தண்டனையும், அடிக்காத துரானுக்குச் சிரச்சேதமும் விதிக்கப்பட்டன. அவருக்காக வாதாடிய இளம் வக்கீல் ரெனே கொத்தி. பிற்காலத்தில் பிரான்சின் ஜனாதிபதியானவர் இவரே.

தீர்ப்பு வெளியான மூன்றாம் நாள் லெ ஹாவ்ர் நகரம் முழுவதும் வேலையை நிறுத்தியது. சோஷலிஸ்டுத் தலைவர் ழான் ழொரேஸ் தம் பத்திரிகையில் கண்டனம் முழக்கினார். கடல்கடந்த துறைமுகங்களிலும் எதிரொலி எழுந்தது. அப்போது பிரதம மந்திரியாக இருந்தவர் அரிஸ்தீத் பிரியான். 1892-இல் மார்சேய் மாநாட்டில் பொது வேலைநிறுத்தத்தைத் தொழிலாளரின் தலையாய ஆயுதமாகப் போற்றிப் பேசிய அதே பிரியான், 1910 அக்டோபரில் ரயில்வேத் தொழிலாளரை ராணுவ உத்தரவின்கீழ்க் கொண்டுவந்து அவர்களுடைய வேலைநிறுத்தத்தை முறியடித்திருந்தார். துரான் விசாரிக்கப்பட்ட சூழ்நிலை அதற்கு அடுத்த மாதத்துச் சூழ்நிலை என்பதை, நீதிமன்றச் சுவர்களுக்குள்ளேயே காரணம் தேடும் ஆசிரியர்கள் மறந்துவிடுகின்றனர்.

டிசம்பர் 31-ஆம் நாள் ஜனாதிபதி ஃபாலியேர் மரண தண்டனையை ஏழாண்டுச் சிறையாகக் குறைத்தார். கொலையை ஏவியது மெய்யாயின் ஏழாண்டு விளங்காத சலுகை; பொய்யாயின் அவரைச் சிறையில் வைத்திருக்கவே நியாயமில்லை. ஆகவே இது நீதியின் கணக்கன்று, வீதியில் எழுந்த கிளர்ச்சிக்கும் கம்பெனியின் கௌரவத்துக்கும் இடையே செய்துகொண்ட சமரசம் என்றே நான் கொள்கிறேன். கிளர்ச்சி அடங்காமையால் 1911 பிப்ரவரியில் துரான் விடுதலையானார். ஆனால் தீர்ப்பைக் கேட்ட கணத்திலேயே நிலைகுலைந்து, சிறையிற் கட்டுச்சட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த அந்த மனிதரின் புத்தி திரும்பவில்லை. சில வாரங்களில் அவரை மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கவேண்டியதாயிற்று.

1912-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்தது. மறுவிசாரணைக்குக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தெளிந்த மதி வேண்டுமாதலால், அவர் நிரபராதி என்ற பிரகடனம் 1918 ஜூன் 15 வரை தாமதித்தது. அதனை உணரும் நிலையில் அவர் இல்லை; 1926-இல் அந்த மருத்துவமனையிலேயே இறந்தார். ட்ரெஃபூஸ் மீண்டும் ராணுவ உடையணிந்து பதவியேற்றார் என்பதை நினைத்தால், ஒப்புமை இங்கேயும் தடுமாறுவது தெரியும். லெ ஹாவ்ர் நகரம் பின்னர் ஒரு பெருவீதிக்குத் துரானின் பெயரைச் சூட்டிற்று. அந்நகரத்தில் வளர்ந்த நாடகாசிரியர் அர்மான் சலக்ரு அவ்வீதியின் பெயராலேயே அவருடைய வரலாற்றை நாடகமாக்கினார். இவையனைத்தும் ஒரு மனிதனின் மானத்தை மீட்ட காரியங்கள். கூட்டத்திற் பேசியவன், கூட்டத்துக்கு வெளியே எவனோ செய்த செயலுக்குத் தலையைக் கொடுக்கவேண்டும் என்று ரூவானில் ஒப்புக்கொள்ளப்பட்ட வாதத்தை, ஒரு மனிதனின் குற்றமின்மையை மட்டும் நிலைநாட்டும் தீர்ப்பு தகர்த்துவிடவில்லை. துரான் அப்படிப் பேசவேயில்லை என்பதோடு அது நின்றுவிடக்கூடியது.