நிலைவாசலில் தொங்கிய பச்சை

தொங்கும் செடிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக வெள்ளைக்காரர்களின் பங்களாவிலிருந்து தொடங்குவார்கள். திருச்சிராப்பள்ளியில் அதற்கு முகாந்திரமும் உண்டு. ராணுவமும் பிறகு ரயில்வேயும் குடியேறிய கன்டோன்மென்ட் பக்கத்தில் அகன்ற தாழ்வாரங்களோடு வீடுகள் எழுந்தன. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் ஏற்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு வடிவமைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் அயல்நாட்டுச் செடிகள் கடல் கடந்து உயிரோடு வந்துசேரத் தொடங்கின. இங்கிலாந்தில் பெரணிச் செடி மேல் ஒரு பித்தே பிடித்திருந்த நூற்றாண்டு அது. ஆனால் கதையை இங்கிருந்து தொடங்கினால், காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்து வீதிகளின் நிலைவாசல்களில் தொங்கிக்கொண்டிருந்த பச்சை கணக்கில் வராமல் போய்விடும். அது திருஷ்டிக்குக் கட்டியது, சாஸ்திரத்துக்குக் கட்டியது என்று ஒதுக்கிவிடுகிறோம். எதைத் தொங்கவிடலாம், எதைத் தொங்கவிடக் கூடாது என்ற தேர்வு அந்த வழக்கத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது. அந்தத் தேர்வைச் செய்தது பக்தி மட்டுமல்ல, இந்த ஊரின் வெயிலும்தான்.

முதலில் வீட்டின் உட்புறம். உத்திர வீதி, சித்திரை வீதிகளின் பழைய வீடுகள் பக்கச்சுவர்கள் ஒட்ட வரிசையாக நிற்பவை. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று அவை உள்ளே நீண்டுகொண்டு போகும். தெருப்பக்கம் செடி வைக்க மண் கிடையாது. கூடத்து உத்திரங்களில் கொக்கிகளுக்குப் பஞ்சமில்லை. ஊஞ்சலும் தூங்காவிளக்கும் உறியும் தொங்கின. கயிற்றைப் பின்னி அதில் பானையைத் தூக்கி வைக்கும் உறியைவிடச் சிறந்த தொங்கு தொட்டி இல்லை. ஸ்ரீஜயந்தியை ஒட்டிக் கோயிலில் உறியடியே ஒரு விழாவாக நடக்கிறது. இருந்தும் அந்த உறியில் ஒருவரும் செடி வளர்க்கவில்லை. உறியின் வேலை பாலையும் தயிரையும் எறும்பிடமிருந்தும் பூனையிடமிருந்தும் காப்பது என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது வெளிச்சம். முற்றத்தில் விழும் வெயில் கூடத்தின் மூலைக்கு எட்டாது. நிழலில் தழைக்கும் செடிகள் பெரும்பாலும் மழைக்காட்டுச் செடிகள். திருச்சியில் ஆண்டு மழை 80 சென்டிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தூய வளனார் கல்லூரியில் 1967இல் ரேபினேட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவிய மாத்யூ அடிகளார், 1980களில் இந்தச் சமவெளியின் தாவரங்களைப் பெருநூலாகத் தொகுத்தார். காவிரிக் கரையை விட்டு விலகினால் முட்செடியும் வேலிக்கொடியும் கிழங்கும் மலிந்த நிலம் இது. கூடத்தில் தொங்கவிட இந்த மண் செடி தரவில்லை. முற்றத்தில் மாடம் கட்டித் துளசியை வெயிலில் நிறுத்தியதோடு உட்புறத் தேர்வு முடிந்தது.

வாசலுக்கு இந்த மண்ணில் செடி இருந்தது. சோற்றுக்கற்றாழையை வேரோடு பிடுங்கி, மஞ்சள் குங்குமம் இட்டு, தலைகீழாக நிலைக்கு மேல் கட்டுவார்கள். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நுனி மேல்நோக்கி வளையும். சிலசமயம் பூவும் விடும். கற்றாழை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும் செடி. இரவின் குளிர்ச்சியில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேர்த்துவைத்து, மறுநாள் வெயிலில் அதைச் செலவழிக்கும். அதனால் சதைப்பற்றில் உள்ள நீர் எளிதில் வெளியேறாது. ஆகாச கருடன் கிழங்கு இன்னும் வியப்பானது. கோவைக் குடும்பத்தைச் சேர்ந்த இதற்குக் கொல்லங்கோவை என்றும் பெயர். வறண்ட வேலிகளில் படரும் இதன் கொடி கோடையில் காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் அடுத்த மழைக்காகக் காத்திருக்கும். அந்தக் கிழங்கைக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிட்டால், தன் சேமிப்பைக் கொண்டே முளைவிட்டு அந்தரத்தில் கொடி வீசும். பாம்பு அண்டாது என்பது நம்பிக்கை. காற்றில் பிழைப்பது கண்ணெதிரே நடப்பது. தொட்டி, மண், தண்ணீர் எதுவுமே கேட்காத தொங்குசெடிகள் இவை இரண்டும். இரண்டுமே வறட்சியைத் தாங்கப் பழகியவை.

செடியாக அல்லாமல் இலையாகத் தொங்கியவற்றிலும் இதே விவேகம் தெரிகிறது. வாசலில் இலை செருகுவது மிகப் பழைய வழக்கம். போரில் புண்பட்ட வீரனைக் காக்க இரவ மரத்தின் இலையையும் வேப்பிலையையும் வீட்டில் செருகுவதை அரிசில் கிழாரின் புறநானூற்றுப் பாட்டு (281) சொல்கிறது. வேப்பிலை பிற்காலத்தில் அம்மை கண்ட வீட்டின் அடையாளமாயிற்று; சமயபுரத்து மாரியம்மனுக்கு இவ்வளவு அருகில் உள்ள ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே வராதே என்று வெளியாருக்குச் சொல்லும் பலகை அது. சில நாள் இருந்தால் போதும், சருகாகி உதிர்ந்தாலும் குற்றமில்லை. மாவிலைக்கு வேலை வேறு. தோல் போலத் தடித்த அந்த இலை, காய்ந்தாலும் சுருண்டு கொட்டிவிடாமல் கயிற்றிலேயே வாரக்கணக்கில் நிற்கும். மாவிலைத் தோரணம் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்கிறது என்று இப்போது ஒரு விஞ்ஞானம் உலவுகிறது. பறித்த பத்து இலைகள் ஒரு வீட்டின் காற்றை என்ன செய்துவிடும்? இந்த மாதிரி முட்டுக்கொடுத்தல் வழக்கத்துக்குப் பெருமை சேர்ப்பதில்லை. வாழை, கமுகு போன்ற நீர்ச்சத்து மிகுந்தவை தொங்கவிடப்படுவதில்லை, நிறுத்தி வைக்கப்படுகின்றன. மணிமேகலையின் விழாவறை காதையில் முரசறைவோன் வாழையையும் கமுகையும் கரும்பையும் நடச் சொல்வதும் அப்படித்தான். ஒருநாள் விழாவுக்கு வாழை, பலநாள் வாசலுக்கு மாவிலை என்ற பிரிவினை இன்றும் கல்யாண வீடுகளில் மாறவில்லை.

இதெல்லாம் புனிதம் சார்ந்த தேர்வு, செடியின் இயல்பைப் பிற்பாடு நாம் ஏற்றிச் சொல்கிறோம் என்று மறுக்கலாம். புனிதமே அளவுகோல் என்றால் ஸ்ரீரங்கத்தில் துளசியும் திருவானைக்காவில் வில்வமும் அல்லவா நிலையில் தொங்கவேண்டும்? தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்துத் தொண்டு செய்த ஊரில், துளசி பெருமாளின் மார்பில் மாலையாகத் தொங்குகிறது. வீட்டு நிலையில் தொங்குவதில்லை. புனிதமானதை வாசலில் கட்டக் கூடாது என்ற தயக்கமே காரணம் என்று திருப்பிச் சொன்னால், அம்மனாகவே கருதப்படும் வேம்பு வாசலில் செருகப்படுவது இடிக்கிறது. துளசி மெல்லிய இலை. கட்டிய மறுநாளே உதிரத் தொடங்கும். கற்றாழை அரேபியப் பகுதியிலிருந்து வந்த வந்தேறி அல்லவா என்பது அடுத்த கேள்வி. உண்மைதான், என் வாதத்துக்கு அது பலமே. எங்கிருந்தோ வந்த ஒரு செடி மண்ணின் கிழங்குக்குச் சமமாக நிலைவாசல் ஏறியிருக்கிறதென்றால், அது கயிற்றில் பிழைத்துக் காட்டியதுதான் காரணமாக இருக்க முடியும். நம்பிக்கை எதற்காகக் கட்டவேண்டும் என்று சொன்னது. எதைக் கட்டுவது என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

பங்களா கொண்டுவந்த முறை இதற்கு நேர்மாறு: தொங்கவிடப் பிடித்த செடியை முதலில் தேர்ந்துகொண்டு, அதைப் பிழைக்கவைக்க நிழலையும் தண்ணீரையும் ஆளையும் ஏற்பாடு செய்வது. இன்றைய அடுக்குமாடிப் பால்கனி இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது, தோட்டக்காரர் மட்டும் இல்லை. பசிபிக் கடலின் மூரியா தீவில் பிறந்த மணி பிளான்ட் வீட்டுக்குள் சமாளித்துக்கொள்கிறது. குறைந்த வெளிச்சம் அதற்குப் போதும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் பால்கனியில் பெரணியைத் தொங்கவிட்டால் சித்திரை தாண்டாது; அங்கே தென் அமெரிக்காவின் பத்துமணிப் பூ சிரித்துக்கொண்டு நிற்கும், அதுவும் சதைப்பற்றுள்ள செடி என்பதால். மாறாக, கற்றாழைக்கு இப்போது கஷ்டகாலம். பழைய நிலைவாசல் தெருவைப் பார்த்திருந்தது, நாளில் சில மணி நேரமாவது வெளிச்சம் பட்டது. அடுக்குமாடியின் கதவோ இருண்ட நடைபாதையைப் பார்த்து நிற்கிறது. அங்கே கட்டிய கற்றாழை சில வாரங்களில் வெளுத்துத் துவள்கிறது. திருஷ்டியை வாங்கிக்கொண்டது என்று அதை அவிழ்த்துவிட்டு, அதே இருட்டில் இன்னொன்றைக் கட்டுகிறார்கள்.