அயனிப்பொறி

அயனியின் மூலம் கிரேக்கச் சொல், பொருள், ‘போவது’. கரைசலில் மின்முனையை நோக்கிப் போவதால் 1834இல் மைக்கேல் ஃபாரடே இப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். யோசனை வில்லியம் ஹியூவெல்லுடையது. போவதைப் போகவிடாமல் பிடிப்பது பொறி! எலிப்பொறியில் உள்ள அதே பொறிதான். ஆனால் இங்கே கூண்டுக் கம்பி கிடையாது. வெற்றிடத்தில் மின்புலமே வேலி.

பீட்டாச் சிதைவை ஆராய்வோருக்கு இந்த வேலி எதற்கு? சிதைவில் பீட்டாத் துகளோடு வெளிவரும் நியூட்ரினோ சிக்காமல் நழுவிவிடும். அணுக்கரு பின்னுதைத்து ஓடும் வேகத்தை வைத்துத்தான் நியூட்ரினோ போன திசையை ஊகிக்க முடியும். திண்பொருளில் புதைந்த கரு உதைத்தாலும் ஓடாதே! அதனால் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் லித்தியம்-8 அயனிகளைப் பொறியில், அந்தரத்தில் நிறுத்தினார்கள். பீட்டாத் துகள் மோதிச் சிதறாதபடி மின்தகடுகளை ஒதுக்கி வைப்பதே வடிவமைப்பின் சூட்சுமம். லித்தியம்-8இன் அரை ஆயுள் 0.84 நொடி.